மூச்சும் வாடகையும்

‘எக்கோ த டொல்பின்’ ஆட்டத்தின் முதற் கட்டத்தில் எதிரி எவரும் இல்லை. தெளிந்த நீலக் குடா, கூட்டமாய் நீந்தும் ஓங்கில்கள், தின்னச் சிறுமீன்கள். கூட்டத்தில் ஒன்று, வானில் எவ்வளவு உயரம் பாய்வாய் என்று எக்கோவைச் சீண்டுகிறது. நாம் ஆழத்துக்கு இறங்கி, வேகமெடுத்து, நேர்மேலே நீரைப் பிளந்து பாய வேண்டும். போதிய உயரம் வந்ததும் பெருஞ்சுழல் ஒன்று வானிலிருந்து இறங்கிக் குடாவிலிருந்த உயிர்களையெல்லாம் உறிஞ்சிக்கொண்டு போய்விடுகிறது. எக்கோ மட்டும் மிச்சம். பாய்ந்தால்தான் கதை தொடங்கும் என்று எங்கும் எழுதியிருக்காது. பாயத் தோன்றாதவர் அந்தக் குடாவிலேயே பொழுது சாயும்வரை சுற்றிக்கொண்டிருக்கலாம். எனக்கு அது குறையாகப் படவில்லை. கடல் தன்னைப் பற்றி யாருக்கும் விளக்கம் கொடுப்பதில்லை.

சேகாவின் மெகா டிரைவ் பெட்டிக்கு 1992இல் வந்த ஆட்டம் இது. கருவும் வடிவமைப்பும் எட் அனன்சியாட்டாவுடையவை. செய்து முடித்தது ஹங்கேரியின் நோவோட்ரேட் நிறுவனம். எங்கள் பக்கம் அந்நாளில் ரீவி கேம் என்றால் பெரும்பாலும் நின்டென்டோவின் நகல் பெட்டிதான். அதனால் என்னைப் போன்றோர் எக்கோவைத் தொட்டது பல ஆண்டுகள் கழித்து, கணினியில். தாமதமாக வந்ததில் ஒரு நன்மையும் உண்டு: சிறுவயது நினைவு குறுக்கே நின்று கண்ணை மறைக்காது.

திருகோணமலையிலிருந்து பார்ப்பவருக்கு இந்த ஆட்டத்தில் சிரிக்க ஓர் இடமும் திடுக்கிட ஓர் இடமும் இருக்கின்றன. தொலைந்த கூட்டத்தைத் தேடும் எக்கோ, நீலத் திமிங்கிலமொன்றிடம் வழி கேட்பதற்காக வடதுருவப் பனிக்கடல் வரை போகிறது. பனிப்பாளம் உடைத்து, காற்றுக்குத் தவித்து, அவ்வளவு பாடு. இங்கே மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரையான பருவத்தில் சுவாமி மலையின் உச்சியில் நின்றால், அதிர்ஷ்டம் இருந்தால், கோணேசர் கோயில் வாசலிலிருந்தே நீலத் திமிங்கிலம் மூச்சுவிடுவதைக் காணலாம். கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று துறைமுகத்தின் வாய்வரை வந்துவிடுவதால் ஆழ்கடல் இங்கே கரைக்கு மிக அருகில் இருக்கிறது. இந்தத் திமிங்கிலங்கள் துருவத்துக்குப் போகாமல் வட இந்து சமுத்திரத்திலேயே வாழ்நாளைக் கழிப்பவை. 1980களின் முற்பகுதியில் ‘டியுலிப்’ என்ற ஆய்வுக்கலம் இந்தக் கடலில் அவற்றைப் பின்தொடர்ந்து ஒலிகளைப் பதிவு செய்தது. பிறகு போர் வந்தது.

திடுக்கிட வைப்பது கடலடி நகரம். எக்கோ அட்லாண்டிசின் இடிபாடுகளுக்குள் நுழையும்போது சாய்ந்த பளிங்குத் தூண்கள் நீலத்துக்குள் வரிசையாய் நிற்கின்றன. சுவாமி மலையின் அடியில் அப்படி உண்மையாகவே கிடக்கின்றன. போர்த்துக்கேயர் 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இடித்துத் தள்ளிய கோயிலின் செதுக்கிய கற்களை 1956இல் படப்பிடிப்பாளர் மைக் வில்சனும் எழுத்தாளர் ஆதர் சி. கிளாக்கும் சுழியோடிப் பார்த்தார்கள். அடுத்த ஆண்டு வெளிவந்த ‘த ரீஃப்ஸ் ஒஃப் டப்ரபேன்’ நூலில் கிளாக் அதை எழுதியும் வைத்தார். அட்லாண்டிஸ் கட்டத்தில் எனக்குப் பிடித்தது தூண்களின் அழகு அல்ல. அங்கே அண்ணாந்து பார்த்து நேரம் கழிக்க முடியாது, காற்று தீர்ந்துகொண்டிருக்கும். இடிபாட்டைப் பார்க்கக் கீழே போகிற எவருக்கும் இந்த அவசரம் தெரியும்.

ஆட்டத்தின் மெய்யான வலிமை இந்த மூச்சில்தான் இருக்கிறது. திரையின் மூலையில் இரண்டு பட்டைகள்: ஒன்று உயிர், மற்றது காற்று. உயிர் குறைந்தால் மீனைப் பிடித்துத் தின்னலாம். காற்று குறைந்தால் மேலே வந்தாக வேண்டும், அல்லது குகைக்கூரையில் தேங்கிய காற்றுக்குழியைக் கண்டுபிடிக்க வேண்டும். மற்ற ஆட்டங்கள் பலவற்றில் தண்ணீர் என்பது நடை மெதுவாகும் ஓர் இடம், அவ்வளவுதான். இங்கே நாயகனுக்குத் தண்ணீரே வீடு, அந்த வீட்டுக்குள் அவனால் மூச்சுவிட முடியாது. பாலூட்டியாய்ப் பிறந்து கடலில் வாழ்வதன் முழுச் சங்கடத்தையும் ஒரு பட்டை சொல்லிவிடுகிறது.

அடுத்தது ஒலி. பொத்தானை அழுத்தினால் எக்கோ பாடும். அழுத்திப் பிடித்தால் ஒலி அலை போய்ச் சுவரில் மோதித் திரும்பி, சுற்றுவட்டாரத்தின் வரைபடமாகத் திரையில் விரியும். அதே ஒலியால்தான் பிற ஓங்கில்களோடு பேசுவது, பளிங்குக் கற்களை எழுப்புவது, அடைத்த வழியைத் திறப்பது எல்லாம். ஒரே புலனைக் கண்ணாகவும் நாவாகவும் சாவியாகவும் ஆக்கிய சிக்கனம் இன்றைய பெருஞ்செலவு ஆட்டங்களிலும் அரிது. குகைக் கட்டத்தில் வரும் பெரிய ஒக்டோபசும் அப்படித்தான்: வேகமாய்ப் போனால் அடிக்கும், மெல்ல ஊர்ந்தால் விட்டுவிடும். காற்று தீரும் பதற்றத்தில் மெதுவாகப் போகச் சொல்வது கொடுமைதான், ஆனால் நேர்மையான கொடுமை. பணிந்து போகத் தெரிந்தவனுக்கு வழி உண்டு.

இப்போது சரிவராத பகுதிக்கு வருகிறேன். ஒரு கட்டத்தின் நடுவில் செத்தால் அந்தக் கட்டத்தின் தொடக்கத்திலிருந்தே வர வேண்டும். இடையில் சேமிக்கும் இடம் கிடையாது. கட்டம் முடிந்தால் எட்டு எழுத்துக் கடவுச்சொல் ஒன்று கிடைக்கும், அதை எழுதி வைத்துக்கொள்ளலாம். எந்தக் கல் எந்த வழியைத் திறக்கும் என்பதற்கு ஆட்டம் தரும் துப்பு மிகக் குறைவு. அடிபட்ட எக்கோ எதிரியின் உடம்போடு ஒட்டிக்கொண்டு மறுபடி மறுபடி அடிவாங்கும். நண்டுகள் குறுகலான திருப்பத்தில், பார்க்காமல் போகிறவன்மேல் விழுவதற்கென்றே வைக்கப்பட்டிருக்கும். இவற்றுக்கும் கடலுக்கும் சம்பந்தம் இல்லை. இவை கடைக்காரக் கணக்கு.

என்ன கணக்கு என்பதை அனன்சியாட்டாவே பின்னாளில் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்: ஆட்டத்தை வார இறுதிக்கு வாடகைக்கு எடுக்கும் பிள்ளைகள் திங்கட்கிழமைக்குள் முடித்துவிட்டால் யார் காசு கொடுத்து வாங்குவார்கள் என்ற பயம். அமெரிக்காவில் 1990இல் வந்த சட்டம் கணினி மென்பொருளை வாடகைக்கு விடுவதைத் தடுத்தபோது, வீட்டுத் தொலைக்காட்சியில் ஆடும் கசெட்டுகளுக்கு விலக்குக் கொடுத்தது. அதற்கு முன்னரே 1989இல் நின்டென்டோ, வாடகைக் கடைச் சங்கிலியான பிளொக்பஸ்டர்மீது வழக்குப் போட்டிருந்தது, கையேடுகளைப் படியெடுத்துக் கொடுத்ததற்காக. சட்டத்தால் நிறுத்த முடியாததை வடிவமைப்பால் நிறுத்தப் பார்த்தார்கள். 1994இல் வந்த ‘கொன்ரா: ஹார்ட் கோர்ப்ஸ்’ நல்ல சான்று. விளையாட்டை வாடகைக்கு விட வழியில்லாத ஜப்பானில் அதன் நாயகன் மூன்று அடி தாங்குவான். வாடகைக் கடை மலிந்த அமெரிக்காவில் ஓரடியில் விழுவான். ஆட்டம் ஒன்றே, சாவு மட்டும் சந்தைக்குச் சந்தை வேறு. வாடகைக் கடையையே காணாத ஊரில் உட்கார்ந்து, யாரோ ஒரு அமெரிக்கப் பிள்ளையின் சனி, ஞாயிறுக்காக நாமும் தண்டனை அனுபவிக்கிறோம் என்பது எரிச்சலூட்டத்தான் செய்கிறது.

இந்தக் கடினத்துக்காக வாதாடுவோர் சொல்வதில் பாதி நியாயம் உண்டு. திரும்பத் திரும்பச் செத்ததால்தான் குகையின் ஒவ்வொரு வளைவும் மனதில் பதிந்தது, காற்றுக்குழி எங்கே என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடிந்தது என்பார்கள். உண்மைதான். இங்கே கொட்டியாரக் குடாவில் பாரும் நீரோட்டமும் தெரிந்த படகோட்டிகளின் அறிவும் அப்படிச் சேர்ந்ததுதான். ஆனால் அந்த அறிவு முதல் நாலைந்து முறையில் வந்துவிடும். அதற்குப் பிறகு நடப்பது படிப்பல்ல, தெரிந்த பாடத்தை எழுதச் சொல்லும் தண்டனை.

இரண்டு கடினங்களும் வேறு என்பதற்கு ஆட்டத்தின் கடைசிப் பகுதியே சாட்சி. முடிவுக்குச் சற்று முன், அஸ்டரைட் என்ற ஆதி உயிர் எக்கோவுக்கு வரம் தருகிறது: இனி மூச்சுக்காக மேலே வர வேண்டியதில்லை, பாடும் ஒலி எதிரியைக் கொல்லும் ஆயுதமாகும். ஆட்டத்துக்கு உயிர் கொடுத்த இரண்டு விதிகளையும் இப்படி ஒரே வரத்தில் கழற்றிவிட்டு, எக்கோவை, அதன் கூட்டத்தை உறிஞ்சிக்கொண்டுபோன சுழலோர் என்ற வேற்றுக்கிரகத்தாரின் எந்திரத்துக்குள் அனுப்புகிறார்கள். அங்கே திரை தானாக நகரும். பின்தங்கினால் சுவர் நசுக்கும். அதைத் தாண்டினால் சுழலோரின் ராணி. அவளிடம் தோற்றால் எந்திரத்தின் தொடக்கத்துக்கே திரும்ப வேண்டும். ஆட்டத்தின் மிகக் கடினமான இடமும் மிகச் சலிப்பான இடமும் இதுதான். கடல் போய்விட்டது, கணக்கு மட்டும் மிஞ்சியிருக்கிறது.

பிற்காலப் பதிப்புகள் கொடுத்த மருந்துகள் இந்த வேறுபாட்டைக் கவனிக்கவில்லை. 2013இல் 3டிஎஸ் கைக்கருவிக்கு வந்த பதிப்பில் சாவும் காற்றுத் தேவையும் இல்லாத ஒரு முறையைச் சேர்த்தார்கள். புதியவருக்குக் காட்ட அது உதவும், ஆனால் அதில் எக்கோ ஒரு மீனாகிவிடுகிறது. நின்டென்டோ ஸ்விட்சில் நேரத்தைப் பின்னோக்கி ஓட்டலாம். இது அதைவிட மேல். இறுதி எந்திரத்தில் நான் வெட்கமில்லாமல் பயன்படுத்துவேன். ஆனால் குகையில் மூச்சுத் தீர்ந்த கணத்தைக்கூட அழித்துவிட முடியும் என்று தெரிந்தால் இருட்டுக்குள் போகும் பயம் போய்விடும், பயம் போனால் காற்றுக்குழியில் மூக்கை நீட்டும் அந்த நிம்மதியும் இல்லை.

பழைய எக்கோ ஆட்டங்களைப் புதுப்பித்து வெளியிடப்போவதாக 2025இல் அறிவிப்பு வந்தது. செய்வோருக்கு இந்தத் துறைமுகத்திலிருந்து என் விருப்பம் சிறியது: ஒவ்வொரு காற்றுக்குழியையும் சேமிக்கும் இடமாக்கட்டும். எக்கோ எங்கே மூச்சுவிடுகிறதோ அங்கிருந்தே மறுபடி தொடங்கட்டும். காற்றுப் பட்டையில் மட்டும் கை வைக்க வேண்டாம்.