கரண்ட் போனால் வேண்டாம், கேஸ் கசிந்தால் வேண்டும்: குளோ ஸ்டிக் எவ்வளவு உதவும்?

மின்வெட்டுக்காக வாங்குவதென்றால் குளோ ஸ்டிக் வேண்டாம். சார்ஜ் ஏற்றிக்கொள்ளும் எல்.இ.டி. விளக்கு ஒன்று வீட்டில் இருந்தால் அதுவே போதும், செலவும் மிச்சம். ஆனால் கேஸ் டேங்கர் ஓட்டுகிறவர்களும், காவிரிக் கரையில் குடியிருக்கிறவர்களும், சமையலறையில் சிலிண்டர் வைத்திருக்கிற எவரும் இதைத் தள்ளிவிட வேண்டாம். கோடை மழையும் சூறைக்காற்றும் மரத்தைச் சாய்த்து கரண்ட்டைப் பிடுங்கிக்கொள்ளும் சித்திரை, வைகாசி இரவுகளில் சேலத்து வீட்டிலும் நாமக்கல் லாரிப் பட்டறையிலும் வைத்துப் பார்த்த பிறகு சொல்கிறேன்.

எடுத்துக்கொண்டது திருவிழாக் கடையில் கைவளையாக விற்கும் மெல்லிய ரகம் இல்லை. ஆறு அங்குல நீளம், கட்டைவிரல் தடிமன், உறையில் 12 மணி நேரம் என்று அச்சிட்ட பச்சைக் குச்சி. இருட்டில் நம் கண் பச்சையைத்தான் எளிதில் பிடிக்கும். உறையைக் கிழித்து இரு முனையையும் பிடித்து வளைத்தால், உள்ளே கண்ணாடிக் குப்பி நறுக்கென்று உடைவது விரலுக்குத் தெரிகிறது. குலுக்கியதும் நடுவில் ஒரு கீற்று கிளம்பிக் குழாய் முழுக்கப் பரவுகிறது. குப்பிக்குள் இருப்பது ஹைட்ரஜன் பெராக்சைடு. வெளிக்குழாயில் ஆக்சலேட் எஸ்டரும் ஒளிரும் சாயமும். இவை கலக்கும்போது பிறக்கும் ஆற்றலைச் சாயம் வாங்கி வெளிச்சமாக விடுகிறது. 1960-களில் பெல் ஆய்வகத்தில் எட்வின் சாண்ட்ராஸ் இந்த வழியைக் கண்டார். அமெரிக்கன் சயனமிட் நிறுவனத்தில் மைக்கேல் ராஹட்டும் கூட்டாளிகளும் அதைக் கைக்கு அடக்கமான விளக்காக்கினார்கள்.

கதவு, ஜன்னல் அடைத்த அறையில் ஆணியில் மாட்டினேன். முதல் அரை மணி நேரம் கட்டில் விளிம்பு, தண்ணீர்ச் சொம்பு, படிக்கட்டின் ஓரம் எல்லாம் தெரிந்தன. செய்தித்தாளில் தலைப்பை வாசிக்கலாம். மாத்திரை அட்டையில் பொடி எழுத்தைப் படிக்கக் குச்சியை அட்டை மேலேயே வைக்க வேண்டும். இரண்டு, மூன்று மணி நேரம் போனதும் வெளிச்சம் வெகுவாக இறங்கிவிட்டது. விடியும்போது குச்சி மட்டும் மங்கலாகத் தெரிந்தது, பக்கத்தில் இருந்த எதுவும் தெரியவில்லை. உறையில் போட்ட 12 மணி நேரத்தை அந்த அளவில்தான் நம்ப வேண்டும்.

நம் ஊருக்கு இதைவிடப் பெரிய சிக்கல் சூடு. பத்து டிகிரி ஏறினால் வேதிவினையின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது பொதுக்கணக்கு. பகலெல்லாம் காய்ந்த தகரக் கொட்டகைப் பட்டறையில் உடைத்த குச்சி, வீட்டுக் குச்சியைவிடப் பளிச்சென்று எழும்பி, சீக்கிரமே சோர்ந்தது. மண்பானைத் தண்ணீரில் போட்டது மங்கலாகத் தொடங்கி நெடுநேரம் நின்றது. பாதி எரிந்ததை ஃப்ரீசரில் வைத்தால் வினை ஏறக்குறைய உறங்கிவிடும், மறுநாள் வெளியே எடுத்தால் மிச்சம் இருப்பது மீண்டும் ஒளிரும். கரண்ட் இல்லாத இரவில் அதுவும் கைகொடுக்காது.

இத்தனை குறைக்குப் பிறகும் இதை ஏன் சொல்கிறேன் என்றால், நாமக்கல்லுக்காக. தென்மண்டலத்து எல்.பி.ஜி. டேங்கர் லாரி உரிமையாளர்கள் சங்கத்தின் தலைமையிடமே இந்த ஊர்தான். 2025 ஜனவரி 3 அதிகாலையில் கோவை உப்பிலிபாளையம் மேம்பாலத்தில் சமையல் எரிவாயு டேங்கர் கவிழ்ந்து கேஸ் கசிந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். தீயணைப்பு வீரர்கள் மணிக்கணக்கில் தண்ணீரைப் பீய்ச்சினார்கள், சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். அதுவே விளக்கில்லாத புறவழிச் சாலையில் நடந்தால்? பட்டறையில் நின்றிருந்த ஓட்டுநர் ஒருவர் குச்சியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “பீடி பத்தப்படாது, சுவிட்சு தொடப்படாது, செல்லு டார்ச்சும் போடப்படாதுங்க. அப்ப இருட்டுல வர்ற ஆளை எதைக் காட்டி நிறுத்தறதுங்கண்ணா?”

அந்தக் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் என் கண்ணில் படவில்லை. பேட்டரி கிடையாது, சுவிட்ச் கிடையாது, சுடாது. தீப்பொறி எழ வழியே இல்லை. வண்டியை அணைத்து, காற்று வரும் திசைப் பக்கமாக ஒதுங்கி, தூரத்தில் வரிசையாகப் போட்டு வைத்தால் நடந்து வருகிறவர்களுக்கு அது எல்லைக் கோடு. வேகமாக வரும் வண்டிகளுக்கு மட்டும் இதை நம்பக் கூடாது. ஹெட்லைட் வெளிச்சம் விழுந்ததும் குச்சியின் பச்சை கரைந்துபோகிறது. அங்கே ஒளி பிரதிபலிக்கும் சிவப்பு முக்கோணம்தான் காப்பாற்றும்.

வீட்டிலும் இதே நியாயம். நள்ளிரவில் கேஸ் வாடை வந்தால் கை தானாக லைட் சுவிட்சுக்குப் போகும், அதுதான் ஆபத்து. எல்.பி.ஜி. காற்றைவிடக் கனம், தரையோடு தேங்கும். குச்சியை உடைத்து, ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, எல்லோரையும் வெளியே கூட்டிப்போன பிறகு 1906-க்கு ஃபோன் செய்யலாம்.

மேட்டூர் உபரிநீர் 2018, 2022 ஆகஸ்ட் மாதங்களில் குமாரபாளையம், பள்ளிபாளையம் கரையோர வீடுகளுக்குள் புகுந்தது. அப்படி முகாமுக்குப் போகும் இரவில் பிள்ளைகளின் முதுகுப்பையில் ஆளுக்கொன்று தொங்கவிட்டால் கூட்டத்தில் தேட வேண்டியதில்லை. நனைந்தாலும் அணையாது. ஒரு முழக் கயிற்றில் கட்டிச் சுழற்றினால் பச்சை வட்டம் வெகுதூரத்துக்குத் தெரிகிறது. படகில் வருகிறவர்களைக் கூப்பிட அது நல்ல வழி.

குழந்தை கடித்து உடைத்தால் உள்ளே கண்ணாடித் தூள் இருக்கிறது, திரவம் கண்ணில் பட்டால் எரியும். உடனே தண்ணீர் விட்டுக் கழுவி மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஒருமுறை உடைத்தால் அது குப்பைதான், பிளாஸ்டிக் குப்பை. ஆகவே விளையாட்டுக்கு வீணாக்காதீர்கள். வாங்கும்போது உறையில் காலாவதித் தேதி பாருங்கள். ஓட்டை விழுந்த உறையில் ஈரம் புகுந்து மருந்து செத்துவிடும். வெயிலில் காயும் டாஷ்போர்டில் வைக்காமல் லாரியில் சீட்டுக்கு அடியிலும், வீட்டில் சமையலறைக்கு வெளியே, இருட்டிலும் கைக்கு எட்டுகிற இடத்திலும் வையுங்கள்.