மர்மம் தீர்ந்த பின் நிற்பது யாது?

துப்பறியும் படங்களில் ஈடுபாடு மிக்க சுவைஞர் ஒருவரை அணுகி, அவர் கண்ட படம் ஒன்றைப் பற்றிக் கேட்டால், முதலில் எச்சரிக்கைதான் கிடைக்கும். "கதையைச் சொல்கிறேன், முடிவை மட்டும் கேட்காதீர்கள். அதைச் சொல்லிவிட்டால் படத்தில் ஒன்றும் இல்லை" என்பார். குற்றப்படத்தின் உயிர் அதன் இரகசியத்தில் இருக்கிறது என்பதும், கொலையாளியை இறுதிவரை மறைத்து வைப்பதே கலைத்திறன் என்பதும் அவர் கொண்ட முடிவுகள். இவை பலரும் ஒப்புக்கொள்ளும் கருத்துகளே.

ஆயினும், அதே சுவைஞரிடம் தலைசிறந்த படங்களைப் பட்டியலிடச் சொன்னால் ஒரு வியப்பு காத்திருக்கிறது. அவர் சொல்லும் பழம்பெரும் படங்களை எல்லாம் அவரே பலமுறை பார்த்திருப்பார். முடிவு தெரிந்தால் படத்தில் ஒன்றும் இல்லை என்றவர், முடிவு தெரிந்த படத்தையே மீண்டும் மீண்டும் நாடுகிறார். இஃது எங்ஙனம் பொருந்தும்? அவர் சொல்லும் கொள்கை ஒன்று. அவருடைய சுவை காட்டும் வழி மற்றொன்று. இவ்விரண்டனுள் சுவையே நேர்மையானது. கொள்கைதான் திருத்தம் பெற வேண்டும்.

மருட்கையும் அச்சமும்

தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டெனக் கூறி, ஒவ்வொன்றும் பிறக்கும் நிலைக்களன் நான்கு நான்கு எனப் பகுத்தார். வியப்பாகிய மருட்கை புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்னும் நான்கின்கண் பிறக்கும். அச்சம் அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்பவற்றின்கண் பிறக்கும். அழுகை இளிவு, இழவு, அசைவு, வறுமை என்பவற்றின்கண் பிறக்கும். திரைப்படம் தோன்றுவதற்குப் பன்னூறு ஆண்டுகளுக்கு முன் எழுந்த இப்பாகுபாடு, இன்றைய குற்றப்படத்தை ஆராயவும் நல்ல கருவியாக உதவுகிறது.

கொலையாளி இன்னார் என்று இறுதிக் காட்சியில் திடீரென வெளிப்படும்போது தோன்றுவது மருட்கை. அது புதுமையின்கண் பிறந்த மருட்கை. புதுமை ஒருமுறைதான் புதுமையாக இருக்கும். இரண்டாம் முறை காணும்போது அது தானே தேய்ந்துவிடும். அச்சமும் அழுகையும் அத்தகையன அல்ல. கள்வனைக் கண்டவன் அடுத்த முறை காணும்போதும் அஞ்சுவான். முன்னமே அறிந்திருப்பதால் முன்னிலும் மிகுதியாக அஞ்சுவான். இழவைக் கண்டு கலங்கிய நெஞ்சம், அவ்விழவு வருமென்று அறிந்து காத்திருக்கும்போது இன்னும் கலங்கும். ஆகவே, புதுமையை மட்டும் நம்பிய படம் ஒரு காட்சியோடு முடிந்துவிடுகிறது. அச்சத்தையும் அழுகையையும் நம்பிய படம் நிலைத்து வாழ்கிறது.

சிலப்பதிகாரம் இதற்குத் தக்க சான்று. நூலின் பதிகமே கதை முழுவதையும் முன்னதாகச் சொல்லிவிடுகிறது. கோவலன் கொலையுண்பான் என்பதை அறிந்தே படிப்பவர் மதுரைக்குள் நுழைகின்றனர். ஆனாலும், ஆயர் சேரியில் கண்ணகி உணவளித்து விடைகொடுக்கும் காட்சியில் உள்ளம் நடுங்காதவர் யார்? சிலம்பை எடுத்துக்கொண்டு கோவலன் செல்லும் தெருவில் இமிலேறு எதிர்ப்படுகிறது. அது தீநிமித்தம் என்பது அவன் குலத்தார் அறியாத செய்தி. ஆதலின் அவன் அறியாமலே கடந்து போகிறான். படிப்பவர் அறிவர், அவன் அறியான். இவ்விடைவெளியில்தான் அச்சம் விளைகிறது. இளங்கோவடிகள் முடிவை மறைத்திருந்தால் இக்காட்சியின் ஆற்றலில் பெரும்பகுதி போயிருக்கும்.

முன்னமே சொல்லிவிட்ட படங்கள்

மேலைநாட்டுக் குற்றப்படங்களில் காலத்தை வென்று நிற்பவை சில, இதே வழியில் சென்றவை. ஜெர்மானிய இயக்குநர் பிரிட்ஸ் லாங் 1931-ஆம் ஆண்டில் 'எம்' என்னும் படத்தை எடுத்தார். அது அவருடைய முதல் பேசும் படம். குழந்தைகளைக் கொல்பவன் ஒருவன் நகரில் உலவுகிறான். அவன் யார் என்பதைப் படம் நெடுநேரம் மறைக்கவில்லை. கொலையையும் திரையில் காட்டவில்லை. பள்ளி விட்டு மகள் வருவாள் என்று தாய் உணவு எடுத்து வைக்கிறாள். மேசைமேல் தட்டு வெறுமையாகக் கிடக்கிறது. எங்கோ புல்வெளியில் பந்து உருண்டு வந்து நிற்கிறது. கம்பிகளில் ஒரு பலூன் சிக்கி அசைகிறது. இவ்வளவே. இழவைச் சொல்ல இதனினும் மிகையாக எதுவும் வேண்டியதில்லை.

அவன் சீழ்க்கையில் இசைக்கும் பாட்டைக் கேட்டுக் கண்பார்வை இழந்த பலூன் வணிகர் அடையாளம் காண்கிறார். நகரத்துத் திருடர்களே அவனைப் பிடித்துத் தம் மன்றில் நிறுத்துகின்றனர். அங்கே, தன்னைத் தானே அடக்க இயலாத கொடுமையைச் சொல்லி அவன் கதறுகிறான். பீட்டர் லோரி நடித்த அக்காட்சியில், வெறுக்கத்தக்க ஒருவனிடம் ஒரு நொடி இரக்கம் எழுகிறது. அவ்விரக்கத்தை எண்ணிக் காண்பவர் தாமே கலங்குகின்றனர். இக்கலக்கம் இரகசியத்தைச் சார்ந்தது அன்று.

பில்லி வைல்டரின் 'டபிள் இன்டெம்னிட்டி' (1944) இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. ஜேம்ஸ் கெயினின் நாவலை வைல்டரும் துப்பறியும் கதாசிரியர் ரேமண்ட் சாண்ட்லரும் திரைக்கதையாக்கினர். காப்புறுதி முகவன் வால்ட்டர் நெஃப், குண்டடிபட்ட தோளோடு இரவில் அலுவலகம் வந்து, ஒலிப்பதிவுக் கருவியின்முன் அமர்ந்து குற்றத்தை ஒப்புக்கொள்வதில் படம் தொடங்குகிறது. கொன்றவன் யார், அவன் எண்ணியது நிறைவேறியதா என்பன தொடக்கத்திலேயே விளங்கிவிடுகின்றன. எஞ்சியது யாது? வீழ்ச்சியின் வழி ஒன்றே எஞ்சியது.

அப்படத்தின் ஒரு காட்சி ஆசிரியர்கள் வகுப்பிற் சொல்லிக் காட்டத்தக்கது. பிணத்தை இரயில் பாதையில் இட்டுவிட்டு நெஃபும் ஃபிலிஸும் காரில் ஏறுகின்றனர். கார் கிளம்ப மறுக்கிறது. மீண்டும் முயல்கின்றனர், மறுக்கிறது. காண்பவர் உள்ளம் "கிளம்பிவிடாதா?" என்று துடிக்கிறது. கிளம்பிய பின்னரே ஓர் உண்மை உறைக்கிறது. கொலைகாரர் தப்ப வேண்டுமென அவர் உள்ளமும் சற்று முன் விரும்பியது! குற்றம் திரையில் மட்டும் இல்லை; இருக்கையிலும் அமர்ந்திருக்கிறது. இதை உணரச் செய்வது சிறு கலையன்று.

படம் முழுவதும் மேலதிகாரி கீஸின் சுருட்டுக்கு நெஃப் தீக்குச்சி உரசிப் பற்ற வைப்பான். இறுதியில் குருதி வழியக் கிடக்கும் நெஃபின் சிகரெட்டுக்குக் கீஸ் தீக்குச்சி உரசுகிறார். முடிவு தெரிந்தவருக்குத்தான் முதல் தீக்குச்சியின் பொருள் விளங்கும். இரண்டாம் முறை காண்பதன் பயன் இதுவே.

ஹிட்ச்காக்கின் 'வெர்ட்டிகோ' (1958) கொள்கை அளவிலேயே இதனை நிலைநாட்டுகிறது. அதற்கு மூலமான பிரெஞ்சு நாவல், மறைபொருளை இறுதிவரை காத்து வைத்தது. ஹிட்ச்காக்கோ படம் முடியப் பெரும்பொழுது இருக்கும்போதே, ஜூடி எழுதிக் கிழிக்கும் கடிதத்தின் வழியாக அதனைக் காண்பவருக்குத் திறந்துவிட்டார். அதன்பின், "இவள் யார்?" என்ற வினா மறைந்து, "இவன் அறியும்போது என்ன ஆவான்?" என்ற வினா எழுந்தது. பிரிட்டிஷ் இதழான 'சைட் அண்ட் சவுண்ட்' பத்தாண்டுக்கு ஒருமுறை நடத்தும் திறனாய்வாளர் கணிப்பில், 2012-இல் இப்படமே முதலிடம் பெற்றது. 2022-இல் இரண்டாம் இடத்தில் நின்றது. இரகசியத்தை விட்டுக்கொடுத்ததால் அது தாழ்ந்துவிடவில்லை.

'அந்த நாள்' காட்டும் உண்மை

அங்ஙனமாயின், கொலையாளியை இறுதிவரை மறைக்கும் படங்கள் யாவும் தாழ்ந்தனவோ? அல்ல. தமிழிலேயே இதற்கு விடை உண்டு. வீணை வித்துவான் எஸ். பாலச்சந்தர் இயக்கி, ஏ.வி.எம். நிறுவனம் 1954-இல் வெளியிட்ட 'அந்த நாள்' இறுதிவரை மறைத்தே செல்கிறது. பாட்டும் ஆட்டமும் இன்றித் தமிழ்ப்படம் இல்லை என்றிருந்த காலத்தில், இசையையே வாழ்வாகக் கொண்ட ஒருவர் பாட்டே இல்லாத படத்தை எடுத்தார் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

1943 அக்டோபரில் சென்னைமீது ஜப்பானிய விமானம் குண்டு வீசியது. அந்நாட்களை ஒட்டிக் கதை நிகழ்கிறது. வானொலிப் பொறியாளன் இராஜன் சுடப்பட்டு வீழ்கிறான். தம்பி, தம்பி மனைவி, காதற்கிழத்தி, அண்டை வீட்டார், மனைவி உஷா எனப் பலரையும் துப்பறிவாளர் சிவானந்தம் உசாவுகிறார். திரைக்கதை எழுதிய ஜாவர் சீதாராமனே அப்பாத்திரத்தை ஏற்று நடித்தார்.

ஒருவன் வாழ்வைப் பலர் பலவாறு உரைக்கும் இம்முறையைக் காண்பவர் அகிரா குரோசாவாவின் 'ரஷோமோன்' (1950) படத்தை நினைப்பது வழக்கம். அந்தோனி ஆஸ்க்வித் இயக்கிய 'தி உமன் இன் குவெஸ்ச்சன்' (1950) என்னும் ஆங்கிலப் படத்தையும் ஒப்பிடுவர். ஆனால், ஒப்புமையினும் வேறுபாடே ஆராயத்தக்கது. 'ரஷோமோன்' படத்தில் கொள்ளையன் தானே கொன்றதாகச் சொல்கிறான். மனைவி தன் கைக்கத்தியே காரணம் என்று கருதுகிறாள். இறந்தவனின் ஆவியோ தன்னைத் தானே மாய்த்துக்கொண்டதாக உரைக்கிறது. ஒவ்வொருவரும் தம் பெருமிதத்தைக் காக்கப் பழியைத் தம்மேல் ஏற்கின்றனர். 'அந்த நாள்' மாந்தரோ பழியைப் பிறர்மேல் ஏற்றுகின்றனர். அங்கே உண்மை இறுதிவரை தெளியவில்லை. இங்கே துப்பறிவாளர் தெளிவிக்கிறார். ஆதலின் இதனை வெறும் தழுவல் என ஒதுக்குவது பொருந்தாது.

இராஜனைச் சுட்டவள் மனைவி உஷா. நாட்டின் மறைச்செய்திகளை ஜப்பானியர்க்கு விற்றவன் கணவன் என்று அறிந்த நாட்டுப்பற்றுடையாள் அவள். இம்முடிவு தெரிந்த பின் படத்தை மீண்டும் காண்பவர் இருவேறு படங்களைக் காண்கின்றனர். முதன்முறை பண்டரிபாயின் முகத்தில் தெரிந்தது கணவனை இழந்தவளின் துயரம். மறுமுறை தெரிவது, தன் கையால் இழந்தவளின் துயரம். நடிப்பு அதுவே, பொருள் வேறு.

சிவாஜி கணேசன் ஏற்ற இராஜன் பாத்திரமும் அத்தகையதே. தான் கண்டறிந்த வானொலி நுட்பத்துக்கு ஆதரவு வேண்டி அலைந்து, எவரும் மதியாததால் மனம் கசந்தவன் அவன். தொல்காப்பியர் கூறிய இளிவு இங்கே இருக்கிறது. இகழப்பட்ட அறிவு நஞ்சாக மாறியது. படம் அவனை மன்னிக்கவில்லை; ஆனால், அவன் எப்படி அவ்வாறானான் என்று கேட்கத் தவறவும் இல்லை. உரையாடல் சில இடங்களில் மேடைப்பேச்சாக நீள்கிறது என்னும் குறை உண்மையே. எனினும், முடிவு தெரிந்த பின்னும் உஷாவையும் இராஜனையும் பற்றி எண்ண நிறைய இருக்கிறது. மறைத்தும் வாழும் படம் இவ்வாறே வாழ்கிறது.

அளவுகோல்

இனி, சுவைஞரின் எச்சரிக்கைக்குத் திரும்பலாம். முடிவைச் சொல்லாதே என்பதில் நியாயம் இல்லாமல் இல்லை. பிரெஞ்சுப் படமான 'லெ தியபோலிக்' (1955), வைல்டரின் 'விட்னஸ் ஃபார் த பிராசிக்யூஷன்' (1957) ஆகியன, முடிவைப் பிறரிடம் சொல்லாதீர் என்று காண்பவரையே வேண்டிக்கொண்டன. முதன்முறை காண்பவரின் வியப்பைப் பறிப்பது பண்பன்று. ஆனால், அது காண்பவரிடையே இருக்க வேண்டிய நாகரிகம்; படத்தை அளக்கும் கோல் அன்று. மருட்கைக்கும் இடமுண்டு, அது வாயில். வாயிலையே வீடென மயங்குதல் ஆகாது.

பழைய படங்களே படங்கள் என்னும் மற்றொரு கூற்றும் இதனோடு தெளியும். பழமையால் எதுவும் நிலைபெறவில்லை. அக்காலத்தில் வெளிவந்து மறக்கப்பட்ட மர்மப் படங்கள் எண்ணற்றவை. இரகசியம் வெளிப்பட்ட மறுநாளே அவை இறந்தன. எஞ்சி நிற்பவை மனிதனைக் காட்டியவை.

மாணவர் துப்பறியும் கதைகளில் மூழ்கிக் கிடக்கின்றனர் என்று ஆசிரியர் பலர் வருந்துகின்றனர். அக்கதைகளைப் பிடுங்கி எறிவதாற் பயனில்லை. கதையை முடித்த மாணவனிடம், "கொன்றவன் யார்?" என்று கேட்பதை விடுத்து, "இதை மறுமுறை படிப்பாயா? படித்தால் எந்தப் பக்கத்துக்காகப் படிப்பாய்?" என்று கேட்கலாம். விடை சொல்ல முயலும் மாணவன் திறனாய்வின் முதற்படியில் கால்வைக்கிறான். அப்படியில் நிற்பவனுக்குக் கொலைக்களக் காதையின் வாயிலும் தொலைவில் இல்லை.