அங்கிக்கு உரியவர் யார்?

சான் பிரான்சிஸ்கோவில் பல ஆண்டுகளாக ஈஸ்டர் ஞாயிறன்று பூங்காவில் ஒரு போட்டி நடக்கிறது. முள்முடியும் இடுப்புத்துணியுமாக ஆண்கள் மேடையேறுகிறார்கள். கூட்டத்தின் ஆரவாரத்தை வைத்து அந்த ஆண்டின் ‘கட்டழகு இயேசு’ தேர்ந்தெடுக்கப்படுகிறார். நடத்துபவர்கள் ‘சிஸ்டர்ஸ் ஆஃப் பெர்பெச்சுவல் இண்டல்ஜன்ஸ்’ என்ற குழுவினர். தன்பாலீர்ப்பு ஆண்கள் தொடங்கிய குழு இது. வெள்ளைப் பூச்சு முகத்தோடும் கன்னியாஸ்திரி அங்கியோடும் வருவார்கள். பெயரிலேயே சிலேடை இருக்கிறது. ‘இண்டல்ஜன்ஸ்’ என்பது பாவத்தின் தண்டனையைக் குறைக்கும் திருச்சபையின் பேறுபலனையும் குறிக்கும், சுகபோகத்தையும் குறிக்கும்.

விசுவாசிகளின் மனம் இதனால் புண்படாதா என்ற கேள்வி தொடர்ந்து எழுகிறது.

புண்படும். நாற்பது நாள் தவக்காலம் இருந்து, பெரிய வெள்ளியன்று சிலுவைப்பாதை நடந்தவருக்கு அந்த முள்முடி வெறும் நாடகப் பொருள் அல்ல. அந்த வலியைப் பிற்போக்கு என்று ஒதுக்குவது சோம்பேறித்தனம். ஆனால் கேள்வியை அத்தோடு முடித்துக்கொண்டால், புண்பட்டவர்களின் பெயரால் யார் பேசுகிறார்கள் என்பதை நாம் கேட்காமலே போய்விடுவோம்.

1979இல் ஈஸ்டருக்கு முந்தைய நாள் பிறந்த இக்குழு, 1999 ஈஸ்டர் அன்று தன் இருபதாம் ஆண்டைக் கொண்டாட காஸ்ட்ரோ தெருவின் ஒரு பகுதியை மூட அனுமதி பெற்றது. தேதியை மாற்றும்படி கத்தோலிக்க மறைமாவட்டம் கேட்டது. நகர அவை மாற்றவில்லை. 2023இல் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் பேஸ்பால் அணி, கத்தோலிக்க எதிர்ப்பு வந்ததும் இக்குழுவுக்குக் கொடுத்த அழைப்பைத் திரும்பப் பெற்றது; சில நாட்களில் மன்னிப்புக் கேட்டு மீண்டும் அழைத்தது. அந்தச் சர்ச்சையில் ஓங்கி ஒலித்த வாதம், கன்னியாஸ்திரிகள் அவமதிக்கப்படுகிறார்கள் என்பது.

அதே திருச்சபை உண்மையான கன்னியாஸ்திரிகளை எப்படி நடத்தியது? அமெரிக்கக் கன்னியாஸ்திரிகளில் மிகப் பெரும்பாலோரின் சபைத் தலைவியர் கூடும் அமைப்பை 2012இல் வத்திக்கான் ஒரு பேராயரின் மேற்பார்வையில் வைத்தது. தீவிரப் பெண்ணியக் கருத்துகள் அங்கே புழங்குகின்றன என்பது குற்றச்சாட்டுகளில் ஒன்று. கண்காணிப்பு 2015இல்தான் முடிந்தது. அங்கியின் மானத்துக்காக எழும் குரல், அந்த வாழ்வை வாழும் பெண் தானாகச் சிந்தித்தால் அவளைத் திருத்த முற்படுகிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு அமெரிக்காவில் பல சபையினர் பழைய அங்கியைத் தாங்களே களைந்துவிட்டார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்தப் பெண்கள் விட்டுவிட்ட உடைக்காகத்தான் இத்தனை சண்டை.

இதனால் பகடிக்காரர்களைக் கேள்வி கேட்காமல் விட்டுவிட முடியாது. தங்களைப் பாவிகள் என்றது திருச்சபையின் அதிகாரம். அந்த அதிகாரம் ஆயரின் தலைப்பாகையில் இருக்கிறது. அப்படியிருக்க, கேலிக்கு ஏன் கன்னியாஸ்திரியின் முக்காடு? ஆண் இல்லாமல் வாழும் பெண் எல்லாச் சமூகத்திலும் எளிதான நகைப்புக்கு ஆளாகிறாள். அந்த நகைப்பின் ஒரு பங்கை இவர்களும் எடுத்துக்கொள்கிறார்கள்.

குழுவிடம் ஒரு பதில் இருக்கிறது: நாங்கள் கன்னியாஸ்திரிகளின் வேலையைச் செய்கிறோம். அதில் உண்மையும் உண்டு. எய்ட்ஸ் பற்றி அரசு வாய் திறக்கத் தயங்கிய 1982இல், பாதுகாப்பான உறவு குறித்து எளிய மொழியில், சிரிப்போடு ஒரு கையேடு வெளியிட்டார்கள். அதில் பங்கெடுத்த பாபி கேம்பல் ஒரு செவிலியர், தன் நோயைப் பொதுவில் சொன்ன முதல் சிலரில் ஒருவர், 1984இல் இறந்தார். நோயாளியைத் தொடத் தயங்கிய காலத்தில் இப்படிப் பணி செய்தவர்களின் அங்கியை வெறும் நக்கல் என்று சொல்ல முடியாது. ஆனால் பெண்களின் சேவையை மதிப்பதும் பெண்களின் உருவத்தை வேடிக்கையாக்குவதும் ஒரே ஆளிடம் சேர்ந்தே இருக்கக்கூடும். முதலாவதைக் காட்டி இரண்டாவதை நியாயப்படுத்த வேண்டியதில்லை.

என் முடிவு இதுதான். பூங்கா கோவில் அல்ல. அங்கே நடக்கும் சிரிப்பு யாருடைய பூசையையும் தடுப்பதில்லை. ஆகவே புண்படுத்தல் என்பது தடை கேட்கப் போதுமான காரணம் இல்லை. விமர்சிக்கப் போதுமான காரணம்தான். ஒரு பகடியை மதிப்பிடும்போது, அதனால் யாருடைய நாற்காலி ஆடுகிறது, யார் ஏற்கெனவே நாற்காலி இல்லாமல் நிற்கிறார் என்று பார்க்க வேண்டும். அந்த அளவுகோலில் ‘கட்டழகு இயேசு’ தேறிவிடுகிறார். முக்காடு பாதிதான் தேறுகிறது.

விசுவாசமுள்ள பெண்ணுக்கு ஈஸ்டர் வேறொரு வலியையும் தருகிறது. யோவான் நற்செய்தியின்படி உயிர்த்த இயேசுவை முதலில் கண்டு, அச்செய்தியைச் சீடர்களிடம் கொண்டு சேர்த்தவர் மகதலா மரியா. பெண்களுக்குக் குருத்துவம் அளிக்கும் அதிகாரம் திருச்சபைக்கு இல்லை என்று 1994இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் அறிவித்தார். ஒவ்வோர் உயிர்ப்புப் பெருவிழாவிலும் அந்தச் செய்தியைக் கேட்டுவிட்டு, பலிபீடத்தில் ஆண்கள் மட்டுமே நிற்பதைப் பெண்கள் பார்க்கிறார்கள். இந்த மனப்புண்ணுக்காக எந்த மறைமாவட்டமும் நகர அவையிடம் மனு கொடுத்ததில்லை.