ஆளே இல்லாத ரோடு

நெடுந்தூர சைக்கிள் பயணக் கட்டுரைகள் தமிழில் நிறைய வருகின்றன, நல்லதுதான். ஆனால் கமுதி, முதுகுளத்தூர், சாயல்குடிப் பக்கம் ஒரு நாள் முழுக்க மிதித்துவிட்டு எழுதுகிறவர் கிலோமீட்டர் சொல்கிறார், பஞ்சர் கணக்கு சொல்கிறார், குடித்த தண்ணீரை லிட்டரில் சொல்கிறார். நிலத்தைப் பற்றி ஒரே வரிதான்: கண்ணுக்கெட்டிய தூரம் ஆளே இல்லை.

வறண்ட வழி நமக்கு ஒன்றும் புதுசு இல்லை. அகநானூற்றின் 400 பாடல்களில் ஒற்றைப்படை எண்ணில் வரும் 200 பாடல்களும் பாலை. அந்தத் திணைக்குரிய பொழுது நண்பகல். அதில் ஒரு பாட்டில், உப்பு வணிகர் விட்டுப்போன அடுப்புக்கல்லில் மழவர்கள் இறைச்சி வேகவைக்கிறார்கள். ஒரு அடுப்பு, இரண்டு கூட்டம். வெறும் வெயில் மட்டும் தெரிகிற இடத்திலும் யார் வந்தார், யார் போனார் என்று அந்தக் கவிஞர் பார்த்திருக்கிறார்.

இன்றைக்கு அதே மாதிரி ரோட்டோரத்தில் சீமைக்கருவேல விறகு அடுக்கிய கரிமூட்டம் புகைகிறது. வற்றிய கண்மாய்க்குள் ஆடு மேய்கிறது. இதைக் காலி என்று எழுதுவது வெறும் அலட்சியம் இல்லை. 2016-ல் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் வந்த பிறகு இந்த வட்டாரத்து நிலத்துக்கு மதிப்பே வேறு. யாருமில்லாத தரிசு என்று பேரெடுத்துவிட்டால், ஆடு மேய்க்கிறவரை யார் கேட்கப்போகிறார்கள்?

1949-ல் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸின் ஹெர்குலிஸ், எங்கள் அம்பத்தூர் வண்டி. கேரியரில் பிளாஸ்டிக் குடம் கட்டிய அப்படியொரு சைக்கிளை நம் பயணி எப்படியும் முந்தியிருப்பார். அவரும் தண்ணீருக்காக மிதிக்கிறவர்தான். எத்தனை குடம், எவ்வளவு தூரம் என்று அவரிடமும் கேட்டு எழுதியிருக்கலாம்.