காணாமற்போன ஐந்து விமானங்களும் இரண்டு புத்தகங்களும்

சென்ற மாதம் முதலாண்டு பௌதிக மாணவர் ஒருவர் ஒரு தமிழ்ப் புத்தகத்தை என் மேசைமீது வைத்து, "சார், இதற்கு நம் பௌதிகம் என்ன பதில் சொல்லும்?" என்று கேட்டார். பெர்முடா முக்கோணம் பற்றிய புத்தகம். வாசகர்களில் பலர் இதையோ இதன் உடன்பிறப்புகளில் ஒன்றையோ படித்திருப்பீர்கள். ஃபுளோரிடாக் கரைக்கு அப்பால் கப்பல்களையும் விமானங்களையும் விழுங்கும் கடல் ஒன்று இருப்பதாக அவை கூறும்.

இத்தகைய புத்தகங்களில் தவறாமல் இடம்பெறும் கதை ஒன்று உண்டு. 1945 டிசம்பர் 5 அன்று அமெரிக்கக் கடற்படையின் ஐந்து அவெஞ்சர் குண்டுவீச்சு விமானங்கள் பயிற்சிக்காகப் புறப்பட்டன. வானம் தெளிவு, கடல் அமைதி. திடீரெனத் தலைவர் வானொலியில் அலறுகிறார். கடலின் நிறமே மாறிவிட்டது என்கிறார். பிறகு மௌனம். தேடப்போன விமானமும் மறைந்தது.

தமிழில் வரும் இக்கதைகளின் மூலத்தைத் தேடினால் பெரும்பாலும் சார்லஸ் பெர்லிட்ஸ் 1974-இல் வெளியிட்ட ஆங்கில நூலில் போய் நிற்போம். அதற்கு மறு ஆண்டே லாரன்ஸ் டேவிட் குஷே என்பவர் எழுதிய மறுப்பு நூல் வெளிவந்தது. முதல் நூலின் சாயலில் தமிழில் பல வந்துவிட்டன. இரண்டாவதன் பெயரை என் வகுப்பில் ஒருவரும் கேள்விப்பட்டதில்லை. இது எனக்கு வருத்தம் தந்த செய்தி.

குஷே விஞ்ஞானி அல்லர். அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் நூலகர். விமானம் ஓட்டத் தெரிந்தவர். இந்த முக்கோணத்தைப் பற்றிக் குறிப்புகள் கேட்டு மாணவர்கள் ஓயாமல் வந்ததால் அவர் தேடத் தொடங்கினார். அவர் கையாண்ட முறை மிக எளியது. ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் முதலில் வழக்கில் உள்ள கதையைத் தருகிறார். அடுத்து அந்தத் தேதியின் செய்தித்தாள், வானிலைக் குறிப்பு, விசாரணை அறிக்கை ஆகியவற்றில் உள்ளதைத் தருகிறார். இரண்டையும் அடுத்தடுத்துப் படிக்கும்போது பல மர்மங்கள் தாமாகவே உதிர்ந்துவிடுகின்றன.

அவெஞ்சர் விமானங்களின் கதையையே பாருங்கள். போர் ஓய்ந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை. ஃபோர்ட் லாடர்டேல் தளத்திலிருந்து பிற்பகல் 2.10-க்குப் பதினான்கு பேர் கிளம்பினார்கள். தலைவர் டெய்லர் அனுபவசாலி. மற்ற நான்கு விமானிகளும் பயிற்சி பெறுபவர்கள். கிழக்கே சென்று, வடக்கே திரும்பி, பின் தென்மேற்காகத் தளத்துக்கு மீள்வது பயிற்சி. (உண்மையான முக்கோணம் இதுதான்!) கடலுக்குமேல் அடையாளம் ஏதும் இராது. வேகம், நேரம், திசை மூன்றையும் வைத்துக் கணக்கிட்டே தாம் இருக்கும் இடத்தை அறிய வேண்டும். திசையில் ஒரு பாகை பிசகினால் அறுபது கிலோமீட்டரில் ஒரு கிலோமீட்டர் விலகிப்போவோம்.

ஒன்றரை மணி நேரத்தில், தம் திசைகாட்டிகள் இரண்டும் பழுது என்று டெய்லர் வானொலியில் தெரிவித்தார். கீழே தெரிந்த தீவுகள் ஃபுளோரிடாவின் தென்கோடியிலுள்ள 'கீஸ்' தீவுகள் என்று நம்பினார். அவர் அண்மையில்தான் மையாமி தளத்திலிருந்து மாறி வந்தவர். கீஸ் பகுதி அவருக்குப் பழகியது. உண்மையில் அவர் இருந்தது பஹாமாஸ் தீவுகளின் மேல். நம் வயல்களில் நீர் நிற்கும் காலத்தில் உயரத்திலிருந்து பாருங்கள். ஒரு திடலுக்கும் மற்றொரு திடலுக்கும் வேற்றுமை தெரிகிறதா? கீஸிலிருந்து வடகிழக்கே போனால் கரை வரும். பஹாமாஸிலிருந்து அப்படிப் போனால் அட்லாண்டிக்தான் வரும். மேற்கே திரும்பினால் வீடு சேரலாம் என்று உடன்வந்த ஒருவர் கூறியதைக் கரையில் கேட்டிருக்கிறார்கள்.

மாலை ஆறு மணிக்குச் சற்று முன்னர் கரை நிலையங்கள் அவர்கள் இருந்த இடத்தைக் கண்டுபிடித்தும் விட்டன. வயலில் எங்கோ ஒருவன் கூப்பிடுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வரப்புகளில் நிற்பவர்கள் குரல் வரும் திசையில் கையை நீட்டினால், அக்கோடுகள் வெட்டும் இடத்தில் அவன் இருப்பான். வானொலி அலையைக் கொண்டு இடம் காண்பதும் இதே முறைதான். பஹாமாஸுக்கு வடக்கே, கரையிலிருந்து வெகுதூரத்தில் அவர்கள் இருந்தார்கள். ஆனால் அந்தச் செய்தி அவர்களை எட்டவேயில்லை. இருட்டிவிட்டது, வானிலையும் கெட்டது. கடைசிக் குரல் இரவு 7.04-க்குக் கேட்டது.

தேடச் சென்ற மாரினர் விமானம் 7.27-க்குப் பதின்மூன்று பேருடன் கிளம்பியது. 7.50-க்கு வானில் தீப்பிழம்பு எழுந்ததையும், பின் நீர்மேல் எண்ணெய் மிதந்ததையும் ஓர் எண்ணெய்க் கப்பல் கண்டது. அவ்வகை விமானத்தில் பெட்ரோல் ஆவி சேரும் அபாயம் உண்டென்பது தெரிந்ததே. மர்மக் கதைகள் இந்தக் கப்பலை எளிதாக மறந்துவிடுகின்றன. விமானியின் வாயில் வைக்கப்படும் வசனங்களோ விசாரணைப் பதிவில் இல்லாதவை.

திசைகாட்டி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். முக்கோணத்தில் காந்த வடக்கும் உண்மை வடக்கும் ஒன்றிப்போவதால் விமானிகள் தடுமாறுகிறார்கள் என்று எழுதுகிறார்கள். இரண்டும் ஒன்றானால் திருத்தக் கணக்கே வேண்டாமே, வேலை சுலபமன்றோ! தஞ்சாவூரிலும் இரண்டுக்கும் வேற்றுமை ஓரிரு பாகைதான். கும்பகோணம் பஸ் இதுவரை மறைந்ததில்லை.

இனி, என்னை மிகவும் பாதித்த பகுதி. கடற்படையின் விசாரணைக் குழு முதலில் டெய்லர்மீது குற்றம் கண்டது. உடலும் இல்லை, விமானமும் இல்லை, எதைக்கொண்டு என் மகன்மீது பழி சுமத்துகிறீர்கள் என்று அவருடைய தாயார் போராடினார். 1947-இல் முடிவு திருத்தப்பட்டு, 'காரணம் தெரியவில்லை' என்று எழுதப்பட்டது. ஒரு தாயின் மனம் ஆறுவதற்காக எழுதிய அந்தச் சொற்களைத்தான் மர்ம வியாபாரிகள் விதையாக எடுத்துக்கொண்டார்கள். 1977-இல் வந்த ஒரு ஹாலிவுட் படத்தில் அந்த விமானிகள் வேற்றுலகக் கலத்திலிருந்து இறங்கியே வருகிறார்கள்!

குஷேயின் நூலில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். 'மர்மம் தீர்ந்தது' என்ற தலைப்பு மிகை. ஐந்து விமானங்களும் எந்த இடத்தில் விழுந்தன என்பது இன்றுவரை தெரியாது. 1991-இல் அந்தக் கடலடியில் ஐந்து அவெஞ்சர்களைக் கண்டு ஆரவாரம் செய்தார்கள். எண்களைப் பார்த்தால் அவை வேறு விமானங்கள். மேலும் ஐம்பதுக்கு மேற்பட்ட நிகழ்ச்சிகளை வரிசையாக ஆராயும்போது, இறந்தவர்கள் வெறும் 'வழக்கு'களாகிவிடுகிறார்கள். இதை அவரே உணர்ந்தார் போலும். இந்த ஒரு நிகழ்ச்சிக்கென்றே 1980-இல் தனி நூல் எழுதினார். தமிழில் யாரேனும் மொழிபெயர்ப்பதானால் அதை முதலில் எடுக்கட்டும்.

மாணவர் புத்தகத்தைத் திரும்பப் பெற வந்தபோது, "நம் ஊரில் இப்படி ஏதாவது உண்டா சார்?" என்றார். உண்டு. தஞ்சை விமானதளத்தில் 1942 அக்டோபரில் பிரிட்டிஷ் விமானப்படையின் 36-ஆம் அணி மறுபடி அமைக்கப்பட்டது. அந்த ஆண்டு இறுதியில் வெல்லிங்டன் குண்டுவீச்சு விமானங்கள் வந்தன. வங்கக்கடலின்மேல் ரோந்து சுற்றிய அந்த அணி 1943-இல் மத்தியதரைக் கடற்பகுதிக்குச் சென்றுவிட்டது. அத்தகைய அணிகளின் அன்றாடப் பதிவேடுகள் லண்டனில் பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. தெற்காசியக் கடல்களின்மேல் மறைந்து, கல்லறை இல்லாமற்போன விமானப்படையினரின் பெயர்கள் சிங்கப்பூரின் கிராஞ்சி நினைவகச் சுவர்களில் பொறிக்கப்பட்டுள்ளன. ஒரு தேதியும் ஒரு விமான எண்ணும் கிடைத்தால் போதும், அங்கிருந்து தேடத் தொடங்கலாம் என்றேன். மாணவர் தேதியைத் தேடிக்கொண்டிருக்கிறார்.