முற்றத்துச் சீமெந்தும் ஒழுங்கை வெள்ளமும்

சாவகச்சேரிப் பக்கம் புது வீடு கட்டுகிறவர்கள் கேற்றிலிருந்து வாசல்வரை இன்ரலொக் கல் பதிக்கிறார்கள். வசதி கூடினால் வளவு முழுவதும் சீமெந்துதான். இதை வெறும் பகட்டு என்று தள்ளிவிட முடியாது. மாரியில் கால் சேற்றில் புதைவதில்லை, ஓட்டோ படி வரைக்கும் வரும், முழங்கால் நோவுள்ள அம்மாவுக்குக் கூட்டவேண்டிய முற்றம் சுருங்குகிறது. ஒடியல் காயப்போடவும் நல்ல இடம்.

ஆனால் இந்த ரசனையில் புலம்பெயர்ந்த உறவுகளின் வீட்டுச் சாயலும் உண்டு. ரொறன்ரோவில் கார் ஏறும் வாசல் வீதியை நோக்கிச் சரிந்திருப்பது தேவை கருதி. பனி வழிக்கக் கெட்டியான தரை வேண்டும். தேங்கிய நீர் இரவில் உறைந்தால் விடிய ஆள் வழுக்கி விழும். ஓடிவரும் நீரை வாங்க வீதிக்கு அடியில் மழைநீர்க் குழாயும் இருக்கிறது. நாங்கள் சரிவை மட்டும் எடுத்துக்கொண்டோம். ஆயிரம் சதுர அடிச் சீமெந்தில் ஓர் அங்குல மழை விழுந்தால் ஏறத்தாழ 2,360 லீற்றர் தண்ணீர். அவ்வளவும் கேற்றுக்கு அடியால் ஒழுங்கைக்குப் போகிறது. போய் அங்கேயே நிற்கிறது.

கிடுகு வேலி வெள்ளத்தை மறித்ததில்லை, மதில் மறிக்கிறது. கொங்கிறீற் போட்டதும் ஒழுங்கை உயர்கிறது. உடனே வளவுக்காரர் லோட் கணக்கில் கிறவல் பறித்துத் தன் நிலத்தை உயர்த்துகிறார். அடுத்த மாரியில் பள்ளம் பக்கத்து வீடு. சில பழைய வீடுகளில் கீழ்ப்படி மண்ணுக்குள் போய் மேற்படி மட்டும் தெரியும்.

உறிஞ்சுகுழி வெட்டினால் சரி என்பார்கள். வற்றாத ஆறில்லாத யாழ் குடாநாட்டில் கிணறு மழையையே நம்பியிருப்பதால் அதில் நியாயம் உண்டு. ஐப்பசியின் முதல் மழைகளைக் குழி நன்றாகவே குடிக்கும். கார்த்திகையில் கிணற்று நீர் கைக்கெட்டும் அளவுக்கு ஏறிவிட்டால் குழியும் நிரம்பித்தான் கிடக்கும். 2008 நவம்பரில் நிஷா புயல் கொட்டியதற்கு எந்த வீட்டுக் குழி தாங்கும்? மேலும், மண்ணுக்கு அடியில் இருப்பது வெடிப்பும் பொந்துமான சுண்ணாம்புக்கல். அது தண்ணீரை வேகமாக இறக்கும், வடிகட்டாது. கூரைத் தண்ணீரைக் குழிக்கு விடலாம். கார் கழுவிய எண்ணெய்த் தண்ணீரைக் கிணற்றடிக் குழிக்குள் விடுவது கிணற்றுக்குள்ளேயே ஊற்றுவதற்குச் சமம்.

மண் முற்றத்திலும் வெள்ளம் நின்றதுதான். மழை விட்டதும் சுருக்காக வற்றியது, அவ்வளவே. எனக்குச் சரியாகப் படுவது சில்லு ஓடும் இரண்டு தடத்துக்கு மட்டும் கல் பதித்து, மிச்சத்தை மணலாக விடுவது. செலவும் குறையும். மதிலின் அடியில் தண்ணீர் போகத் துவாரம் விடலாம், ஆனால் தாழ்ந்த வளவுக்காரர் சண்டைக்கு வருவார். அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. அவருடைய வளவைத் தாண்டி வெள்ளம் குளத்துக்கோ வயலுக்கோ கடல்நீரேரிக்கோ போக வாய்க்கால் வேண்டும். முன்பு வாய்க்கால் ஓடிய சில இடங்களில் இன்று மதில் நிற்கிறது. பழைய காணி உறுதியை எடுத்து எல்லை சொல்லும் வரியைப் பார்த்தால் தெரிந்துவிடும். எடுத்துப் பார்க்கத்தான் ஒருவருக்கும் விருப்பமில்லை.