என்னைத் தெரிகிறதா?: நினைவிழப்பைப் பற்றிய இரு திரைப்படங்களும் ஒரு நூலும்

தென்காசிக்கு அருகிலுள்ள சுந்தரபாண்டியபுரத்தில், 2005ஆம் ஆண்டு வெளிவந்த ‘அந்நியன்’ திரைப்படத்தின் பாடற்காட்சிக்காகப் பாறைகளின்மீது திரை நடிகர்களின் முகங்கள் தீட்டப்பட்டன. அன்றுமுதல் அவ்விடத்திற்கு ‘அந்நியன் பாறை’ என்றே பெயர் வழங்கிவிட்டது. சூரியகாந்தி மலரும் காலத்தில் குற்றாலத்திற்கு வருவோர் இங்கும் வந்து படமெடுத்துக்கொண்டு செல்கின்றனர். ஒரே மனிதனுக்குள் மூவர் வாழ்வதாகவும், ஒருவன் செய்வதை மற்றவன் அறியாதிருப்பதாகவும் காட்டிய படம் அது.

இவ்வூரையடுத்த சேகரத்தில் திருப்பணியாற்றிய நாட்களில், அப்பாறையைக் கடந்து ஒரு வீட்டிற்குப் பலமுறை சென்றிருக்கிறேன். மூளைக்காய்ச்சலால் தம் கடந்த காலம் முழுவதையும் இழந்த தையற்காரர் ஒருவர் அங்கே இருந்தார். திரை காட்டும் மறதிக்கும் அவ்வீட்டில் நான் கண்ட மறதிக்கும் இடையேயுள்ள தூரமே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. நினைவிழந்த ஒருவர் தம்மையும் தம் அன்றாட வாழ்வையும் மீண்டும் எவ்வாறு கட்டியெழுப்புகிறார்? அதில் சுற்றியிருப்போரின் பங்கு யாது? இவ்வினாக்களோடு இரு தமிழ்ப் படங்களையும் ஒரு தன்வரலாற்று நூலையும் ஆராய்வோம்.

சொல்லப்படாத கதை

பாலு மகேந்திராவின் ‘மூன்றாம் பிறை’ 1982இல் வெளிவந்தது. சிறந்த நடிகருக்கான தேசிய விருதை கமல்ஹாசனுக்கும், சிறந்த ஒளிப்பதிவுக்கான விருதை இயக்குநருக்கும் பெற்றுத்தந்த படம். விபத்தில் நினைவிழந்து குழந்தையின் மனநிலைக்குத் திரும்பிய இளம்பெண், விலைமாதர் விடுதியில் சிக்குகிறாள். பள்ளி ஆசிரியனான சீனு அவளை மீட்டு, நீலகிரியின் கேத்திக்கு அழைத்துவந்து பேணுகிறான். இறுதியில் வைத்தியரின் சிகிச்சையால் அவளது பழைய நினைவு திரும்புகிறது; அவனோடு வாழ்ந்த நாட்கள் மறைந்துபோகின்றன. புகைவண்டி நிலையத்தில் அவன் அவளுக்குப் பழக்கமான குரங்குச் சேட்டைகளையெல்லாம் செய்துகாட்டுகிறான். அவளோ அவனைப் பித்தன் என எண்ணி இரங்குகிறாள்.

இப்படத்தை மருத்துவ நோக்கில் குறைகூறுதல் எளிது. தலையில் அடிபட்டோர் பொதுவாகப் பேச்சையும் பழகிய திறன்களையும் இழந்து குழந்தையாகிவிடுவதில்லை. பழைய நினைவு ஒரே நாளில் மீள்வதும், இடைக்கால நினைவு அடியோடு அழிவதும் கதைக்காரனின் வசதிகளே. ஆயினும் உண்ணவைத்தல், நீராட்டுதல், கதை சொல்லித் தூங்கவைத்தல் என்னும் சிறு செயல்களின் மீதுதான் ஓர் ஆளுமை மீண்டும் எழும்புகிறது என்பதை இப்படம் உணர்ந்திருக்கிறது. அவ்வளவில் அது மெய்யானது.

எனது குறை வேறு. காவலருக்கு அஞ்சிச் சீனு விலகியிருந்த வேளையில், பெற்றோர் மகளை அழைத்துச் செல்கின்றனர். அந்த நாட்களில் அவள் எங்கிருந்தாள், யார் அவளைக் காத்தார் என்று அவளுக்கு எடுத்துரைப்பார் ஒருவருமில்லை. பக்கத்து வீட்டுப் பாட்டி அறிவாள், அவளும் சொல்லவில்லை. நாம் அழுவது நோயின் கொடுமைக்காக என்று நினைக்கிறோம். உண்மையில் அங்கே தவறிப்போனது சாட்சி. சொல்லியிருந்தால் அவளுக்கு நினைவு வந்திராது. ஆனால் நன்றி பிறந்திருக்கலாம்.

எம்மாவூருக்குச் சென்ற சீடர் இருவரை இங்கே எண்ணிப் பார்க்கலாம். உடன் நடந்தவரை அவர்கள் அறிந்துகொள்ளவில்லை. லூக்கா அதை எழுதும் வரிசை கவனிக்கத்தக்கது: முதலில் வழிநெடுக வரலாறு விளக்கப்படுகிறது, பின்னரே அப்பம் பிட்கப்படுகிறது, அப்பொழுது கண்கள் திறக்கின்றன. சீனுவிடம் செயல் மட்டுமே இருந்தது. வரலாறு சொல்லப்படாத இடத்தில் அன்பின் செயலும் பித்தாகவே தோன்றிற்று.

காணாமற்போன பக்கம்

பாலாஜி தரணீதரனின் ‘நடுவுல கொஞ்சம் பக்கத்த காணோம்’ 2012இல் வெளிவந்தது. அப்படத்தின் ஒளிப்பதிவாளர் பிரேம்குமாரின் வாழ்வில் நிகழ்ந்ததே கதை. கிரிக்கெட் ஆட்டத்தில் தலையில் அடிபட்ட மணமகன், அண்மைக் கால நிகழ்ச்சிகளை மறக்கிறான். மறந்தவற்றுள் மணமகளும் அடக்கம். நண்பர் மூவர் அதை இரு வீட்டாரிடமிருந்தும் மறைத்துத் திருமணத்தை நடத்திமுடிக்கின்றனர்.

மருத்துவ உண்மைக்கு இப்படம் மிக நெருக்கமானது. பழைய நினைவுகளைவிடப் புதியவையே எளிதில் அழியும் என்று பிரெஞ்சு அறிஞர் ரிபோ 1881லேயே எழுதினார். கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பதும் மெய்யான அறிகுறியே. நண்பர்களே நடமாடும் நினைவாகி அவனைத் தாங்கிச்செல்லும் காட்சிகளில், நகைச்சுவைக்கு அடியில் அரியதொரு தோழமை தெரிகிறது.

ஆனால் மணமகளிடம் எவரும் உண்மை கூறவில்லை. தன்னை இன்னாரென்று அறியாத ஒருவனுக்கு அவள் கழுத்தை நீட்டுகிறாள், அரங்கம் சிரிக்கிறது. நினைவிழந்தவனைக் காப்பதற்காக இன்னொருவரின் உரிமையை மறைத்துவைக்கலாமா? திருமண ஒப்புதல் கேட்கும் பொறுப்புடைய நாம் அச்சிரிப்பில் முழுமனத்தோடு கலந்துகொள்ள இயலாது. நினைவு சில நாட்களில் திரும்பிவிட்டதால்தான் அது நகைச்சுவையாயிற்று. திரும்பியிராவிட்டால்?

முதலில் சொல்பவர்

அவ்வினாவுக்கு அமெரிக்க எழுத்தாளர் டேவிட் ஸ்டுவர்ட் மக்லீன் 2014இல் வெளியிட்ட தன்வரலாறு விடை தேடுகிறது. உயர்கல்வி உதவித்தொகை பெற்று இந்தியா வந்திருந்த அவர், 2002ஆம் ஆண்டு அக்டோபர் 17ஆம் நாள், ஐதராபாத்தில் புகைவண்டி நிலைய மேடையொன்றில் தம் பெயரும் அறியாதவராக நின்றார். மலேரியாவைத் தடுக்க உட்கொண்ட மெஃப்ளோகுவின் மாத்திரையே காரணம் எனப் பின்னர் கருதப்பட்டது. அம்மருந்தின் நரம்பியல் பக்கவிளைவுகள் சிலருக்கு நிலைத்துவிடக்கூடும் என அமெரிக்க மருந்து ஆணையம் 2013இல் கடும் எச்சரிக்கை விடுத்தது.

மேடையில் அவரைக் கண்ட காவலர், போதைப்பொருள் உண்ட வெளிநாட்டவர் என்று இரக்கத்தோடு முடிவுசெய்தார். மக்லீனும் அதை நம்பிவிட்டார். அக்கதைக்கு இசைவான நினைவுகளை அவர் மனமே புனைந்துகொண்டது. செய்யாத குற்றத்திற்காக அவர் மனம் வருந்தினார். பின்னர் மனநல மருத்துவமனை, கடல்கடந்து வந்த பெற்றோர், வீடு திரும்புதல். அங்கும் நினைவிருப்பதாகப் பாவனை செய்தே பலருடன் பழகவேண்டியிருந்தது.

நூலின் நேர்மை பாராட்டுக்குரியது. மீட்சியை அது மிகைப்படுத்தவில்லை. போதகருக்கு அதிலுள்ள எச்சரிக்கை தெளிவானது: நினைவிழந்தவருக்கு முதலில் கதை சொல்பவர், அவரை உருவாக்குபவராகிவிடுகிறார். ஆகவே சொன்னால் மட்டும் போதாது, உண்மையையே சொல்லவேண்டும்.

தையற்காரரின் வீடு

இப்பொழுது அவ்வீட்டிற்கு வருகிறேன். முதல் சந்திப்பில் நான் செய்தது, நம்மில் பலர் செய்வதே. அவர் முன் குனிந்து, “என்னைத் தெரிகிறதா?” என்று கேட்டேன். அவர் திகைத்து, பின் வெட்கத்தோடு, “தெரியுமே ஐயா” என்றார். தெரியவில்லை என்பது இருவருக்கும் தெரிந்தது. வாசல்வரை வந்த அவர் மனைவி தணிந்த குரலில் சொன்னார்: “ஐயா, பரீட்சை வைக்காதீங்க. தோத்துப்போனா நாள் முழுக்க சாப்பிடமாட்டாங்க. நீங்க யாருன்னு நீங்களே சொல்லிருங்க.” இறையியற் கல்லூரியில் நான் கற்றிராத பாடம் அது.

அப்பெண்மணி நாள்தோறும் காலையில் காப்பி கொடுக்கும்போதே, தாம் யார், பிள்ளைகள் எவர், எந்தக் கிழமை என்று சொல்லிவிடுவார். பின் அவரைத் தையல் இயந்திரத்தின் முன் அமர்த்துவார். மனம் மறந்ததைக் கால்களும் கைகளும் மறக்கவில்லை. இது வியப்பன்று. 1953இல் செய்த அறுவைச் சிகிச்சையால் புதிய நினைவு கொள்ளும் ஆற்றலை இழந்த ஹென்றி மோலேசன், கண்ணாடியில் பார்த்து வரையும் பயிற்சியில் நாளுக்கு நாள் தேறினார்; பயின்றது மட்டும் அவர் நினைவில் இல்லை. 1985இல் மூளையழற்சியால் நினைவிழந்த ஆங்கில இசைவாணர் கிளைவ் வேரிங் தொடர்ந்து பியானோ வாசித்தார். நம் தையற்காரரும் ஞாயிறு ஆராதனையில் கீர்த்தனைகளைப் புத்தகமின்றிப் பாடினார். பக்கத்தில் நிற்பவர் யாரெனக் கேட்டால் அறியார்.

அவருக்குப் பெருந்துணையாயிருந்தது பழைய அளவு நோட்டு. துணியோடு வருவோர் பெயரைச் சொல்வர். அவர் பக்கம் புரட்டி, தம் கையாலேயே எழுதிய அளவைக் கண்டு, “நீங்க நம்ம வாடிக்கைதான்” என்று மகிழ்வார். ஒருமுறை அவர் மனைவி கேட்டபடி, திருமணப் பதிவேட்டில் அவரது கையொப்பத்தைக் காட்டினேன். விரலால் தடவிப் பார்த்தார். “கையெழுத்து என்னுதுதான் ஐயா. ஆனா அன்னைக்கு நான் அங்க இல்லையே” என்றார். மனைவி ஒன்றும் பேசாமல் பக்கத்தில் நின்றார். அதற்கு ஆறுதல் சொல்ல நான் முயலவில்லை.

நம் கடமை

நினைவுகூருதல் என்னும் எபிரேயக் கருத்து உள்ளத்தில் எழும் எண்ணத்தோடு முடிவதன்று. நினைக்கப்பட்டவருக்காகச் செயற்படுதலும் அதில் அடங்கும். திருவிருந்தைக் குறிக்கும் ‘அனம்னேசிஸ்’, மறதிநோயைக் குறிக்கும் ‘அம்னீசியா’ ஆகிய இரண்டும் ஒரே கிரேக்க வேரினின்று தோன்றியவை. ஸ்காட்லாந்து இறையியலர் ஜான் சுவின்டன், மறதிநோயைக் குறித்து 2012இல் எழுதிய நூலில், மனிதன் கடவுளின் நினைவில் வாழ்வதாலேயே அவன் ஆளுமை அழிவதில்லை என்று வாதிக்கிறார். அக்கருத்தை ஏற்கிறேன். எனினும், கடவுள் நினைக்கிறார் என்று சொல்லி நாம் மறந்துவிட அது சாக்காகிவிடக் கூடாது. அத்தையற்காரரின் வீட்டிற்கு முதல் மாதத்தில் சபையார் பலர் வந்தனர். ஓராண்டிற்குப் பின் வந்தவர்கள் மிகச் சிலரே.

எனவே திருப்பணிக்குச் செல்லும் மாணவர்க்கு என் வேண்டுகோள் இது. இத்தகைய வீட்டிற்குள் நுழையும்போதே உங்கள் பெயரைச் சொல்லுங்கள். அவரைச் சோதிக்காதீர்கள். அறிந்ததை மட்டும் சொல்லுங்கள். அவருக்காக ஒரு கடந்த காலத்தைப் புனையாதீர்கள். அவர் கை அறிந்த வேலையை அவருக்குக் கொடுங்கள். நாள்தோறும் கதை சொல்லிக் களைத்துப்போன மனைவியோ மகளோ ஒரு பிற்பகல் உறங்கும்படி, அவர்களுக்குப் பதிலாக நீங்கள் அமர்ந்திருங்கள்.

வேறு சேகரத்திற்கு மாற்றலாகிப் புறப்படுமுன் விடைபெறச் சென்றேன். வாசலிலேயே என் பெயரையும், இன்ன சபையின் ஐயர் என்பதையும் சொன்னேன். அவர் நோட்டைப் புரட்டி, என் அங்கியின் அளவைக் கண்டுபிடித்துவிட்டு, “உட்காருங்க ஐயா” என்றார்.